மாமியார் பார்க்காமல் எதுவும் உள்ளே வராது

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன். இப்போது கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்ப்பவர்களில் ஒருவர் பேசினார்.

"சார், ஸ்டோர் ரூமைக் காலி பண்றோம். ஒரு பழைய பெட்டி மேல பெயிண்ட்ல 'மாமியார்'னு எழுதியிருக்குது. இது இன்னா சார்? தூக்கிப் போட்டுடலாமா?"

பின்னால் யாரோ கெக்கெக்கே என்று சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "தூக்கிப் போடுங்க. ஆனா அந்தம்மா யாருன்னு தெரிஞ்சிகினு போடுங்க" என்றேன். அப்படியானால் எழுதிக் கொடுங்கள் சார் என்று பிடித்துக்கொண்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். அதனால் வந்த வேலை இது.

என் பெயர் ஏழுமலை. 1989இல் செங்கம் ரோட்டில் இருந்த அந்தத் தரும ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நோயாளி வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் சீட்டை மூன்று கார்பன் வைத்து அடிப்பது என் வேலை. சில வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் வந்தபோது, ஏழுமலைக்குத்தான் விரல் வேகமாக ஓடும் என்று என்னைக் கொண்டுபோய் அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். வேலூருக்குப் பஸ்ஸில் போய் வந்து ஒரு சின்ன கோர்ஸ் முடித்தேன். பாதி வகுப்பு தூக்கம், பாதி வகுப்பு பயம். அத்தோடு என் படிப்பு முடிந்தது.

அந்தக் காலத்தில் எங்களுக்குப் பயமென்றால் கரண்ட் போவதும் தூசியும்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் ரூமுக்குள் போவோம். ஆயுதபூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் உண்டு. ஆனால் யார் ஃப்ளாப்பியை நீட்டினாலும் கேள்வி கேட்காமல் வாங்கிச் செருகுவோம். செருப்புக்கு இருந்த தடை ஃப்ளாப்பிக்கு இல்லை.

ஒருநாள் எக்ஸ்ரே பிரிவிலிருந்து ஒருவர் கார் ஓட்டும் விளையாட்டு என்று ஒரு ஃப்ளாப்பி கொண்டுவந்தார். ஆசையாக ஓட்டிப் பார்த்தோம். இரண்டு நாள் கழித்து நான் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது திரையிலிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று கீழே உதிர ஆரம்பித்தன. வேப்பமரத்தில் இலை உதிர்கிற மாதிரி. ஆபீஸே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "சூப்பரா இருக்குது சார், இன்னொரு வாட்டி வர வைங்க" என்று கேட்டவர்களும் உண்டு. அடுத்த வாரம் மூன்று கம்ப்யூட்டரிலும் அதே இலையுதிர் காலம். அந்த மாதத்துச் சீட்டுகள் மொத்தமும் போயின. கார்பன் காப்பியைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தேன். விரல் வீங்கிப்போனது.

அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் பிரிவுக்கு முறையாகப் படித்த ஒருவர் வேண்டுமென்று நிர்வாகத்துக்குப் புத்தி வந்தது. வேலூரிலிருந்து ஷகீலா மேடம் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். எனக்கு மேலதிகாரி. முதல் நாள் எனக்குக் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது. அவரோ வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, "ஏழுமலை சார், இந்த ரூம்ல எனக்கு முன்னாடி வந்தது நீங்க. எனக்குத் தெரியாத விஷயம் ஜாஸ்தி இருக்கும். மறைக்காம சொல்லிடுங்க. நானும் அப்படியே சொல்லிடுவேன்" என்றார். அத்தோடு என் கடுப்பு போய்விட்டது. கைப்பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை வைத்திருப்பார். நல்ல யோசனை வந்தால் கடலை வேகமாகக் காலியாகும். கோபம் வந்தால் கடலையைத் தொடவே மாட்டார். அதை வைத்துத்தான் அவர் மனநிலையைக் கணக்குப் போடுவேன்.

வந்த வாரமே மூன்று கம்ப்யூட்டரில் பழையதான ஒன்றைத் தூக்கி ஜன்னலோரம் தனி மேஜையில் வைத்தார். மற்ற கம்ப்யூட்டர்களோடு அதைச் சேர்த்திருந்த வயரைத் தானே பிடுங்கி, சுருட்டி, தன் டிராயரில் வைத்துப் பூட்டினார். "யாராவது ஆத்திர அவசரத்துல மாட்டிடக்கூடாது பாருங்க" என்றார். வெளியிலிருந்து என்ன வந்தாலும், ஃப்ளாப்பியோ சிடியோ, முதலில் அந்தப் பெட்டியில்தான் போட வேண்டும். அது பாஸ் பண்ணினால்தான் மற்றவற்றுக்குப் போகும்.

"இது எதுக்கு மேடம், பொண்ணு பார்க்கிற மாதிரி?" என்று கேட்டேன்.

"பொண்ணு பார்க்க வர்றவங்க பஜ்ஜி தின்னுட்டுப் போயிடுவாங்க சார். வீட்டுக்கு வந்தப்புறம் உத்துப் பார்க்கிறது யாரு? மாமியாரு. இது மாமியாரு" என்றார். மறுநாள் நானே பெயிண்ட் வாங்கிவந்து பெட்டியின் மேல் எழுதிவிட்டேன். இப்போது நீங்கள் பார்த்துச் சிரிக்கிற எழுத்து என் கைவண்ணம்தான்.

மாமியாரிடம் சோதனை நடக்கும் விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில், பெட்டிக்குள் என்னென்ன ஃபைல் இருக்கிறது, எது எவ்வளவு பெரியது என்று பிரிண்ட் எடுப்போம். பிறகு புது சாஃப்ட்வேரைப் போட்டு ஓட்டுவோம். மறுபடி பிரிண்ட் எடுப்போம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஸ்கேலை நகர்த்திக்கொண்டே வரி வரியாகப் பார்ப்போம். தனக்குச் சம்பந்தமில்லாத ஃபைலை அது தொட்டிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அடுத்து கடிகாரம். கம்ப்யூட்டரின் தேதியை முன்னால் தள்ளித் தள்ளி ஓட்டுவோம். வார முடிவு, மாத முடிவு, மாதம் பிறக்கும் நாள், வருடம் பிறக்கும் நாள். கிரிவல ஊர் என்பதால் பௌர்ணமியையும் கார்த்திகை தீபத்தையும் மேடம் சேர்த்துக்கொண்டார். கூட்டம் அதிகமாக வரும் நாளில் ஒரு பொருள் காலை வாரினால் யார் பிழைப்பது? எல்லாம் முடிந்ததும் மாமியாரின் வயிற்றைச் சுத்தமாகத் துடைத்து, நல்லதென்று தெரிந்த பழைய நகலை மறுபடி ஏற்றிவைப்போம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. உண்மையான நோயாளியின் விவரத்தை மாமியாரிடம் காட்டக்கூடாது. "யாரோட சாமான்னே தெரியல. அதுங்கிட்ட நம்ம ஜனங்களோட நோவை ஏன் சொல்லணும்?" என்பார். கற்பனை நோயாளிகளைத்தான் கொடுக்க வேண்டும்.

ரமணாசிரமம் பக்கம் வாடகைக்குத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் பக்தியோடு ஒரு சிடி கொண்டுவந்தார். மருந்து ஸ்டாக் பார்க்கிற சாஃப்ட்வேர், இலவசம். இதைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. மேடம் அவரை உட்காரவைத்து டீ கொடுத்து, அவர் கண்ணெதிரிலேயே மாமியாரிடம் போட்டார். அந்த மனுஷர் கோபித்துக்கொள்ளவே இல்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தேதியைத் தள்ளுவதற்கு அவரும் யோசனை சொன்னார். அந்த சாஃப்ட்வேர் பாஸாகி எங்களிடம் ரொம்ப நாள் உழைத்தது. கொடுக்கிறவர் நல்லவரா என்பது வேறு, கொடுக்கிற சாமான் நல்லதா என்பது வேறு என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

இனி மாமியார் பேர் எடுத்த விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருந்தது. எங்கள் லேபுக்கும் ரத்த வங்கிக்கும் சேர்த்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கப் பெரிய டாக்டர் முடிவு செய்தார். மெட்ராஸில் ஒரு கம்பெனி. டை கட்டிய நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பெட்டியும் சிடியுமாக வந்து இறங்கினார். நோயாளியின் பெயர், வயது, ரத்தப் பிரிவு, பரிசோதனை முடிவு எல்லாம் ஒரு பட்டனைத் தட்டினால் வந்துவிடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி. லட்சக்கணக்கில் ஜனம் வரும், விழுந்தவர்களும் மயங்கியவர்களுமாக வார்டு நிரம்பும், அதற்குள் இது ஓட வேண்டும் என்பது பெரிய டாக்டரின் அவசரம்.

"இது பெரிய பெரிய ஆஸ்பத்திரியில ஓடுதுங்க மேடம். இதைப் போயி தனியா வெச்சி டெஸ்ட் பண்றீங்களே" என்று கம்பெனிக்காரர் சலித்துக்கொண்டார்.

"அங்கெல்லாம் ஓடுனா சந்தோஷம் சார். இங்க ஓடுதான்னு பார்த்துடுறேன்" என்றார் மேடம்.

சோதனைக்காகக் கம்பெனிக்காரரே ஒரு நோயாளிப் பட்டியல் கொண்டுவந்திருந்தார். ரமேஷ், சுரேஷ், ப்ரியா, தீபா என்று இரண்டு பேருக்கு ஒரே பெயர் வராமல் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதைப் போட்டோம், எல்லாம் சரியாக வந்தது. பிரிண்டில் ஒரு வரிகூடப் பிசகவில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. வீட்டில் என் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்திருந்தது. எங்கள் பக்கத்துப் பத்திரிகை உங்களுக்குத் தெரியுமே, பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான், அத்தை பிள்ளை என்று ஒரு ஊரையே கீழே அச்சடித்திருப்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் கல்யாணத்துக்கு வரமாட்டார்கள். மறுநாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, சொந்தபந்தம் அத்தனை பேரையும் நோயாளியாக்கி உள்ளே ஏற்றினேன். ஆளுக்கொரு வியாதி, ஆளுக்கொரு ரத்தப் பிரிவு.

மேடம் எட்டிப் பார்த்தார். "யா அல்லா! சொந்தக்காரங்க எல்லாருக்கும் நோவு வர வெச்சிட்டீங்களே சார். அவங்க மேல இன்னா கோவம் உங்களுக்கு?"

"இந்த மாமனுக்கு மட்டும் மூலம் போட்டிருக்கேன் மேடம். போன கல்யாணத்துல எனக்கு எலை போட மறந்துட்டான்" என்றேன்.

அன்றைக்கும் எல்லாம் சரியாக ஓடியது. சாயங்காலம் பெரிய டாக்டரே நேரில் வந்துவிட்டார். பொதுவாகக் குரல் உயர்த்தாதவர். அன்று உயர்த்தினார். "மேடம், வர்ற கூட்டம் உங்க மாமியாருக்காகக் காத்துகிட்டு நிக்காது. நாளைக்கு இது ஓடணும். உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்." மேடம் முகம் சிவந்துபோனது. வீட்டில் படுத்த படுக்கையாக அப்பாவும், படிக்கிற தங்கைகளும் அவர் சம்பளத்தை நம்பி இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் சொன்னது ஒன்றுதான். "இன்னும் தேதி தள்ளிப் பார்க்கலை டாக்டர். அதை முடிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்." டாக்டர் போனபின் வெகுநேரம் அவர் கடலைப் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது.

மறுநாள் காலையில் தேதியைத் தள்ளினோம். பௌர்ணமி, சரி. தீபம், சரி. மாதக் கடைசி, சரி. அடுத்த மாதம் முதல் தேதிக்குத் தள்ளி சாஃப்ட்வேரைத் திறந்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு திறந்தது. நோயாளிகளைப் பார்த்தேன். ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு விரல் விட்டு ஒவ்வொருவராகப் பார்த்துவந்தவன், என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"ஐயையோ மேடம், அண்ணாமலையைக் காணோம்!"

லேப் ரிப்போர்ட் வாங்க வந்திருந்த ஸ்டெல்லா சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். "ஜன்னலைத் திறங்க சார். எதிர்ல மலையாதான் நிக்குறாரு" என்றார்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. எங்கள் தாத்தா பெயர் அண்ணாமலை. பெரியப்பா அருணாசலமும் சித்தப்பா அய்யாக்கண்ணுவும் ஆளுக்கொரு மகனுக்குத் தாத்தா பெயரையே வைத்தார்கள். இரண்டு பேரும் அ. அண்ணாமலை. ஒரே வருடம் பிறந்தவர்கள். பெரியப்பா மகனுக்கு பி பாசிட்டிவ் என்றும் சித்தப்பா மகனுக்கு ஓ பாசிட்டிவ் என்றும் நான் கொடுத்திருந்தேன். இப்போது சித்தப்பா மகன் இல்லவே இல்லை. அவனுக்குக் கொடுத்திருந்த வியாதியும் அட்மிஷன் விவரமும் பெரியப்பா மகன் கணக்கில் ஏறியிருந்தன. ரத்தப் பிரிவு பி பாசிட்டிவ் என்று இருந்தது. இதேபோல இரண்டு உண்ணாமுலைகள் ஒரே உண்ணாமுலை ஆகியிருந்தார்கள்.

மேடம் என்னை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். துடைத்து, பழைய நகலை ஏற்றி, முதலிலிருந்து ஓட்டினார். மறுபடி அதே முதல் தேதி, அதே அண்ணாமலை காணாமல் போனான். மூன்றாம் முறையும் அப்படியே. பிறகுதான் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டார்.

அவர் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "ஓ, இதுவா? ஒரே பேஷண்டை ஆபீஸ்ல ரெண்டு வாட்டி பதிஞ்சிடுவாங்க மேடம். பேரு, இனிஷியல், வயசு எல்லாம் ஒண்ணா இருந்தா மாசாமாசம் அதுவே ஒண்ணாக்கிடும். இது ஒரு வசதி."

"எந்த ஊருன்னு பார்க்காமயா?"

"எங்க ஊர்ல இப்படி ஒரே பேரு வராதுங்களே."

"இந்த ஊர்ல வரும் சார். தெருவுக்கு நாலு வரும். ஓ க்ரூப் ஆளுக்கு பி க்ரூப்னு காட்டுது. ஏத்துனா செத்துடுவான்."

"ஏத்தறதுக்கு முன்னாடி ரெண்டு ரத்தத்தையும் லேப்ல கலந்து பார்ப்பாங்களே மேடம்."

"பார்ப்பாங்க. அப்போ உங்க சாமான் எதுக்கு?" என்றார் மேடம்.

நாங்கள் இரண்டு பேரும் பெரிய டாக்டர் ரூமுக்குப் போனோம். முதல் தேதிக்கு முன்னால் எடுத்த பிரிண்டையும் பின்னால் எடுத்ததையும் மேடம் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், பிறகு எழுந்து நேராக ஆண்கள் வார்டுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். அங்கே ஸ்டெல்லா சிஸ்டர் இருந்தார்.

"சிஸ்டர், அண்ணாமலைன்னு யாராவது அட்மிட் ஆகியிருக்காங்களா?"

"எந்த அண்ணாமலை டாக்டர்? இந்த வார்டுலயே நாலு பேரு இருக்காங்க."

"அதுல இனிஷியல் அ?"

"ரெண்டு பேரு. ஒருத்தர் செங்கம் பக்கம், ஒருத்தர் போளூர் பக்கம். வயசும் ஒண்ணுதான். செங்கத்துக்காரருக்கு வயித்து ஆபரேஷன். இந்த வாரம் ரத்தம் ஏத்தணும்."

டாக்டர் கொஞ்ச நேரம் அந்த இரண்டு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்திரிகையில் நான் விளையாட்டாகச் செய்துவைத்த இரண்டு நோயாளிகள் உயிரோடு எதிரே படுத்திருந்தார்கள். திரும்பி வரும் வழியில் டாக்டர் மேடத்திடம், "நேத்து நான் பேசினது தப்பு. மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். அத்தனை நர்ஸ்களும் கேட்கும்படிதான் சொன்னார். அதற்காகவே அந்த மனுஷரை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். "இனிமே மாமியார் சொல்லாம எதுவும் உள்ள வரக்கூடாது" என்று ஆஸ்பத்திரி முழுக்க உத்தரவும் போட்டார்.

கம்பெனிக்காரரையும் குறை சொல்ல மாட்டேன். ஊருக்குப் போய், தானாகச் சேர்த்துவிடும் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, தைப்பொங்கல் கழித்துத் திரும்பி வந்தார். "அந்தக் கல்யாணப் பத்திரிகையை எனக்கு ஒரு காப்பி கொடுங்க சார், எல்லா ஊருக்கும் இதை வெச்சே பார்க்கப் போறேன்" என்று கேட்டு வாங்கிப் போனார். சாஃப்ட்வேர் பாஸானது. பல வருடம் அதில்தான் வேலை செய்தோம். அந்தத் தீபத்துக்கு மட்டும் பழையபடி கையால் எழுதிச் சமாளித்தோம்.

ஆனால் மேடம் அத்தோடு விடவில்லை. சாஃப்ட்வேர் பெயரைப் பார்த்து ஏமாறுகிறதென்றால் மனுஷன் மட்டும் ஏமாற மாட்டானா என்று கேட்டார். தீபத்துக்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசி, ஒவ்வொரு நோயாளியின் மணிக்கட்டிலும் பிளாஸ்திரி ஒட்டி அவருடைய அட்மிஷன் நம்பரை எழுத வைத்தார். ரத்தப் பையிலும் அதே நம்பர். இரண்டு நர்ஸ்கள் நம்பரை உரக்கப் படித்துச் சரிபார்த்தபிறகுதான் ஏற்ற வேண்டும். நர்ஸ்களில் சிலர் முணுமுணுத்தார்கள். கம்ப்யூட்டர்காரங்களுக்கு வார்டுல இன்னா வேலை என்று என் காதுபடவே கேட்டார்கள்.

அந்தத் தீபத்தன்று சாயங்காலம் வந்தது; நடக்க முடிந்த நோயாளிகளையும் கூட வந்தவர்களையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப் போவது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். மலை உச்சி அங்கிருந்து நன்றாகத் தெரியும். எனக்கும் மேடத்துக்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிற வேலை. மேடம் அதுவரை தீபம் ஏற்றுகிற அந்த நிமிஷத்தை நேரில் பார்த்ததில்லை. முந்தைய வருடங்களில் லீவில் வேலூருக்குப் போய்விடுவார். இந்தத் தடவை விடமாட்டேன் என்று சொல்லிச் சுவரோரம் நல்ல இடமாகப் பிடித்து நின்றார். ஆறு மணி ஆகப்போகிறது. கீழே ரோடெல்லாம் தலைகள். எல்லோரும் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு அம்மா கைகூப்பி நின்றிருந்தாள். செங்கத்து அண்ணாமலையின் மனைவி. புருஷன் கீழே கட்டிலில் இருந்தார். கண்ணெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

"எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டேன்.

"பரவால்லைங்க சார். இப்பத்தான் ரத்தம் ஏத்த ஆரம்பிச்சாங்க. எனக்குப் பயமாவே இருந்திச்சி, யாரு ரத்தமோ இன்னாவோன்னு. நர்ஸம்மா பையைக் கொண்டாந்ததும் நானே எழுத்துக்கூட்டிப் படிச்சிப் பார்த்தேன். அ. அண்ணாமலைன்னுதான் போட்டிருந்திச்சி. அப்புறம்தான் எனக்கு உசுரு வந்திச்சி. சாமியைக் கும்பிட்டுட்டுப் போலாம்னு மேல ஓடியாந்தேன்."

போளூர்க்காரருக்கும் அதே பெயர்தானே. அந்தம்மா எதைப் பார்த்து நிம்மதியானாளோ அதை மட்டும்தான் நம்பக்கூடாது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? மேடம் என்னைப் பார்த்தார். பிடித்துவைத்திருந்த இடத்தை விட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினார்.

அவர் போன கையோடு உச்சியில் தீபம் எரிந்தது. மாடியும் தெருவும் ஒரே குரலாக அரோகரா என்று எழுந்தன. அந்தம்மா விம்மி விம்மி அழுதாள். எல்லோரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் மட்டும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாடி ஏறி மேல்மூச்சு வாங்க மேடம் வந்து சேர்ந்தார். அந்தம்மாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு, "நம்பர் சரியா இருக்குது சார். கையில இருக்கிறதும் பையில இருக்கிறதும் ஒண்ணுதான்" என்றார். பிறகு சுற்றிலும் கும்பிட்ட கைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏத்திட்டாங்களா?"